சகோதரிகள் என்று எழுதினார்கள்

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில் ஞாயிறு காலைகளில் எங்கள் ஆட்கள் பட்மின்டன் ஆடுவார்கள். ஆடுவார்கள் என்பது பெரிய வார்த்தை. பாதி நேரம் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டை. மீதி நேரம் முழங்காலுக்குப் பட்டி கட்டுவது. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு கொரியப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டது நான்தான். கர்க்லாண்டில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தன் நாட்டுக்காக இரட்டையர் ஆட்டம் ஆடியவள் என்பதை அவள் சொல்லவில்லை. அவளுடைய கணவர் ஒருநாள் பனி தள்ளிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

அது தெரிந்த நாளிலிருந்து எங்கள் கழகத் தலைவர் அவளைத் தானே கண்டுபிடித்தது போல நடந்துகொண்டார். கலியாண வீட்டில்கூட அவளைக் கையில் பிடிக்காத குறையாக மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒலிம்பிக் போனவளா? இல்லை என்றதும் தட்டில் இருந்த ரோல்ஸைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கும் அவளுக்கும் பொதுமொழி, குடிவந்தவர்களுக்கான அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு. இரண்டு பேருடையதும் நொண்டிதான். ஆனால் ஒருத்தியைத் திட்டித் தீர்க்க அது தாராளமாகப் போதும். அவள் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

பள்ளிக்கூட வயதிலேயே அவளைப் பயிற்சி முகாமில் சேர்த்துவிட்டார்கள். ஒரு காலை, பயிற்சியாளர் இரண்டு பேரை விரலால் காட்டி, இனி நீங்கள் ஜோடி என்றார். ஆளையாள் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இவள் பின்னால் நின்று ஓங்கி அடிப்பவள். மற்றவள் வலையடியில் நின்று முடித்துவைப்பவள். ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேசை.

“அவள் சூப் உறிஞ்சுற சத்தம் இப்பவும் என்ர காதுக்குள்ள கிடக்கு,” என்றாள். “சகிக்கேலாது.”

பத்திரிகைகள் அவர்களைச் சகோதரிகள் என்று எழுதின. படங்களில் எப்போதும் வலையடியில் நின்றவளின் முகம் பளிச்சென்று விழும். பின்னால் மங்கலாகத் தெரியும் கை இவளுடையது. சில வருடங்களில் ஆட்டத்துக்கு வெளியே இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. அந்த வருடங்களில்தான் நாடு நாடாகப் போய் வென்றார்கள்.

பிறகு வேறொரு பயிற்சியாளர் வந்து ஜோடியைப் பிரித்தார். இவளுக்கு ஓர் இளையவளைக் கொடுத்தார்.

“தங்கமான பிள்ளை. எனக்கு அவளில சரியான விருப்பம். போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோத்துப்போனம். நீ அடி, இல்லை நீ அடி எண்டு மரியாதை குடுத்தே பந்தை விட்டிட்டம்.”

அதற்குப் பிறகு தோள்மூட்டு போனது. ஆட்டம் முடிந்தது. கலியாணம், மொன்றியல்.

போன இலையுதிர் காலத்தில் அந்தப் பழைய ஜோடிக்காரி இங்கே வந்தாள். இப்போது அவள் கொரியத் தொலைக்காட்சியில் ஆட்டங்களை வர்ணிப்பவள். செய்தி இவளுடைய கணவர் வாயால் தலைவருக்குப் போனது. அன்றே எனக்குத் தொலைபேசி.

“தங்கச்சி, ரெண்டு பேரையும் ஒண்டா எங்கட கோர்ட்டில இறக்கோணும்.”

“அண்ணை, அவைக்குள்ள ஒத்துவராது.”

“உங்களுக்கு விளங்காது. சனம் பாக்கட்டும், தோழமை எண்டா என்னெண்டு.”

எனக்கு விளங்காதாம். இவள் மறுப்பாள் என்று நம்பிக் கேட்டேன். “ஆடச் சொன்னா ஆடுவன்,” என்றாள்.

அந்த ஞாயிறு, கோர்ட்டில் அவர்களுக்கு எதிரே தலைவரும் அவருடைய மச்சானும் நின்றார்கள். அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி இடப்பக்கம் சாய முன்பே மற்றவள் வலப்பக்கத்தை அடைத்திருந்தாள். பின்னாலிருந்து அடி இறங்கும். திரும்பி வருகிற பந்து வலையடியிலேயே செத்துவிழும். தலைவர் தன் ராக்கெட்டால் மச்சானின் முழங்கையில் ஒன்று போட்டதுதான் அவருக்குச் சரியாகப் பட்ட ஒரே அடி. எனக்கோ வாய் மூடவில்லை. இத்தனை வருடம் நாங்கள் ஆடியது எதுவோ, இது வேறு.

முடிந்ததும் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒலிவாங்கியைப் பிடித்தார். பிரிந்த சகோதரிகள், கடல் கடந்த பாசம் என்று தமிழில் நீளமாகப் பேசினார். இரண்டு பேரும் ஒரு சொல்லும் விளங்காமல் மரியாதைக்குச் சிரித்தார்கள். சனம் கைதட்டியது. சிலர் கண்ணையும் துடைத்தார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

வந்தவளை ஹோட்டலில் விட நான் காரோட்டினேன். அவள் பின் இருக்கையில், இவள் என் பக்கத்தில். ஹோட்டல் வாசலில் இறங்கும்போது அவள் கொரிய மொழியில் ஏதோ சொன்னாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்னவாம்?”

“என்ர பின்கை அடி பழுதாப் போச்சாம்.”

“உண்மையோ?”

“ஓம். உண்மைதான். அவளுக்கு ஆட்டம் தெரியும்.”

“திரும்ப ஆடினது சந்தோசமா இருந்ததோ?”

“நல்லா இருந்தது. அதுக்காக வீட்டுக்குக் கூப்பிடோணுமோ?”

கூப்பிடவில்லை. அவள் இரண்டு நாளில் நாடு திரும்பிவிட்டாள். எங்கள் தலைவர் இன்றும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்கிறார். அதில் இருவரும் வலையடியில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மச்சான் பக்கத்தில் நின்று, தானும் கண்டதாகத் தலையாட்டுகிறார்.