எண்பத்திரண்டாவது வீடு

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் ஆர்டிஸ் பவெல்கா வாசல் மிதியடியில் ஷூவைத் துடைப்பார். உள்ளே போகப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். வலது காலை இரண்டு முறை, இடது காலை ஒரு முறை. மணியை அழுத்தியதும் இரண்டு படி இறங்கிப் பின்னால் போய் நிற்பார், திரையை விலக்கிப் பார்ப்பவர்களுக்கு முழு ஆளும் தெரியும்படி. எழுதும் அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பார். காகிதம் உள்பக்கம், வெறும் அட்டை வெளிப்பக்கம். காகிதம் கண்ணில் பட்டால் ஏதோ விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் இருந்துகொண்டே இல்லாததுபோல இருந்துவிடுவார்கள்.

அந்த ஏப்ரலில் மூன்று வாரம் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கணக்கெடுக்க இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஊர் மன்றத்தில் ஆர்டிஸ் கை தூக்கியபோது, என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் அந்த அம்மாள் வீட்டுக் கார் கொட்டகையின் மேல் அறையில் நாலு வருடமாகக் குடியிருந்தேன். வெளியிலிருந்து தனி மரப்படி, இரட்டை அடுப்பு, சாய்ந்த கூரை. வாரத்தில் முப்பது மணி நேரம் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் கலக்குவது என் வேலை. யாரிடமும் அதிகம் பேசாதவன் சாட்சியாக நிற்க நல்லவன் என்று அவர் சொன்னார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் ஊரான பிரையர்ஃபீல்ட் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. நூறு வீட்டில் எழுபத்தெட்டு சொந்த வீடு. வீடுகளின் சராசரி வயது அறுபத்தைந்து, ஆர்டிஸைவிட இரண்டு குறைவு. வருமானம் மாநிலத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே. ஆனால் அந்த எண்ணில் கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து வீடுகளும் எங்கள் லார்ச் தெருவும் டோவர் தெருவும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வெள்ளைப் பெயின்டில் நாலு சொட்டுக் கறுப்பு விட்டால் அது கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. வாங்கிப்போகிறவர் அதற்கு ஏதோ ஒரு பூவின் பெயர் சொல்வார்.

கனமழை பெய்தால் எங்கள் இரண்டு தெருவிலும் சாக்கடை எதிர்த்து வந்து வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட்டுக்குள் ஏறும். அங்கிருந்து வீட்டைச் சூடாக்கும் ஆர்டிஸின் வெப்ப உலை இரண்டு முறை மூழ்கிச் செத்திருந்தது. இன்னொரு முறை செத்தால் காப்பீட்டுக்காரர்கள் தர மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். உலை இல்லாமல் ஒஹாயோவில் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது, ஈரமான வீட்டை வாங்க ஆளும் வராது. புதுக் குழாய் பதிக்க மாநிலத்தில் பணம் இருந்தது, நூற்றுக்கு ஐம்பத்தொரு வீடாவது ஏழை எளியவர்களுடையதாக இருக்கும் இடங்களுக்கு மட்டும். எங்கள் தெருக்கள் அப்படிப்பட்டவைதான் என்று வீடு வீடாகக் கேட்டு நிரூபிக்க வேண்டும். நூற்று ஐம்பத்தொன்பது வீடு. எண்பத்திரண்டு வீடாவது கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

படிவத்தில் ஒரே கேள்வி. உங்கள் வீட்டில் இத்தனை பேர் என்றால் கோடு இந்தத் தொகை. நீங்கள் மேலேயா, கீழேயா? எதைக் குறிக்கலாம் என்று நாங்கள் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தால் எல்லாமே செல்லாது.

ஆர்டிஸ் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். டோவர் தெருவில் கதவைத் திறக்கும் ஆட்களில் பாதிப் பேர் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். முப்பத்தைந்து வயதுக் கெல்வின் ரஸ்ட் அவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மிஸ் ஆர்டிஸ், நான் மறுபடியும் ஏதாவது பண்ணிட்டனா?"

"சீட்டுக்கு அடியில சூயிங்கம் ஒட்டினது நீதான்னு இப்பவாச்சும் ஒத்துக்கோ. இங்க எத்தன பேரு இருக்கீங்க?"

"நான், அவ, குழந்தைங்க ரெண்டு. அவ தங்கச்சி முன்னறையில படுத்துக்கறா, டிசம்பர்லேருந்து. அவளச் சேக்கணுமா? 'அடுத்த வாரம் போயிடுவேன்'ங்கறா."

"டிசம்பர்லேருந்தா?"

"ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்தான், மிஸ் ஆர்டிஸ்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் யோசித்தான். கடைசியில் ஐந்து என்று எழுதினான். எழுதிவிட்டு, உள்ளே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி கையால் சைகை செய்தான்.

லார்ச் தெருவில் வென்டெல் கிரப் வேறு மாதிரி. டயர் ஆலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, ஆலை மூடியதும் ஓய்வூதியம் பாதியானவர். கதவைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அவர் மனைவி லுவெல்லாவின் குரல் மட்டும் உள்ளிருந்து வந்தது.

"ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு இந்தத் தொகை," என்றார் ஆர்டிஸ். "நீங்க மேலயா கீழயா?"

"மேல."

"எந்த நாட்டுல மேல?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"நீ சும்மா இரு."

"பல்லுக் கட்டக் காசில்லாம நாலு மாசமா சூப்புக் குடிக்கறவரு சொல்றாரு, மேலயாம்."

வென்டெல் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "பாரு ஆர்டிஸ், கீழன்னு போடறவங்க வேற மாதிரி ஆளுங்க. உனக்கும் தெரியும். நாங்க நடுத்தரம். எங்கப்பாவும் நடுத்தரந்தான்."

"இது ஆளப் பத்திக் கேக்கல, வென்டெல். எண்ணப் பத்திக் கேக்குது."

"எண்ணுன்னா என்ன, ஆள்தான." மேலே என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டுக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் ஆர்டிஸ் சொன்னார்: "முட்டாள். கழுத்து வரைக்கும் தண்ணி வந்தாலும் டை கட்டிக்கிட்டுதான் நிப்பான்."

இப்படி எத்தனையோ பேர். ஐந்து வருடமாகக் கூரை ஒழுகும் வீட்டிலும் மேலே. முழங்கால் பெயர்ந்து வேலையை விட்டவர் வீட்டிலும் மேலே. கோல்ஃப் பக்கத்தில் கேட்டிருந்தாலும் அவர்களும் நடுத்தரம் என்றே சொல்லியிருப்பார்கள். எல்லோரும் நடுவில் நின்றால் ஓரம் எங்கே இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. நானே யாராவது கேட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மதியம் மழை கொட்டியது. மூன்று மணிக்கு வென்டெல் கூப்பிட்டார். தொலைபேசியை ஆர்டிஸ் எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆர்டிஸ், போட்டுக் குடுத்த காகிதத்த மாத்த முடியுமா?"

"வெள்ளிக்கிழமை அனுப்பற வரைக்கும் எத்தன தடவை வேணா புதுசா போடலாம். நீயா கேட்டாத்தான்."

"நானாத்தான் கேக்கறேன்."

போனபோது செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்த அவருடைய துவைக்கும் இயந்திரம் பேஸ்மென்ட் தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தது. வென்டெலின் பேன்ட் தொடைவரை நனைந்திருந்தது. வாசலிலேயே நின்று கீழே என்று குறியிட்டார்.

"வெளிய யாருக்கும் சொல்லாத."

"சொல்ல என்ன இருக்கு?" என்றார் லுவெல்லா. இந்த முறை அவரும் வாசலுக்கு வந்துவிட்டார். "தெருவே உங்க பேன்ட்டத்தான் பாக்குது."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. வென்டெலின் தோளில் கையை வைத்து ஒரு முறை அழுத்தினார். அந்த மழைக்குப் பிறகு பதினோரு வீடுகள் தாமாகவே கூப்பிட்டுப் படிவத்தை மாற்றிக்கொண்டன.

வியாழக்கிழமை மாலை ஊர் மன்ற எழுத்தர் மார்வா டில்லர்ட் எங்கள் முன்னால் படிவங்களை இரண்டு முறை பிரித்துப் பார்த்தார். மேலே எழுபத்தெட்டு. கீழே எண்பத்தொன்று.

"ஒண்ணு குறையுது, ஆர்டிஸ்."

"எல்லா வீட்டுக்கும் போயாச்சு."

"தெரியும். நாளைக்கு மதியம் அனுப்பணும்." மார்வா ரப்பர் வளையத்தை மாட்டினார். "நான் எதுவும் சொல்லக் கூடாது. உனக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்து ஆர்டிஸ் நூடுல்ஸும் கோழியும் போட்டு அடுப்பில் வேகவைத்ததை எடுத்து மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் அங்கே சாப்பிடுவது வழக்கம். அன்று வியாழன். இரண்டு தட்டு வைத்தார். தட்டுக்குப் பக்கத்தில் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தார்.

"தனி வாசல், தனிச் சமையல் இருந்தா, அது தனி வீடு. ஒரே கூரையா இருந்தாலும். உனக்குத் தனி வாசல் இருக்கு."

"இருக்கு."

"அடுப்பு?"

"ரெண்டு பர்னர்."

"அப்ப நீ யாரு, ராசா?"

என் சட்டைகளை அவர்தான் அவருடைய துணிகளோடு போட்டுத் துவைத்தார். அவர் வாசலில் விழும் பனியை நான் வாரினேன். என் பெயருக்கு வரும் கடிதமெல்லாம் அவர் பெட்டியில்தான் விழும். வாடகையை மாத முதல் நாள் சர்க்கரை டப்பாவின் கீழே வைத்துவிட்டுப் போவேன்; அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் மகள் அரிசோனாவிலிருந்து கூப்பிடும்போது, "மேல இருக்கற பையன்" என்றுதான் ஆர்டிஸ் என்னைச் சொல்வார். அது குடும்பத்தில் சேருமா, சேராதா?

"உங்க வீட்டுப் படிவம்?" என்று கேட்டேன்.

"நான் மேல. முதல் நாளே போட்டாச்சு." புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீ கீழ. பெயின்ட் கலக்கறவன் கீழதான் இருப்பான், கோச்சுக்காத. உன்னத் தனி வீடா போட்டா மொத்தம் நூத்தி அறுபது. அப்பவும் எண்பத்திரண்டு இருந்தா போதும், கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப போடுங்க."

"அவ்வளவு லேசில்ல." புத்தகத்தை மூடினார். "இந்தத் தெருவுல ஒரு மனையில ஒரு வீடுதான் இருக்கலாம். கார் கொட்டகை மேல ஆள் வைக்கக் கூடாது. மார்வா பாத்துட்டா பாத்ததுதான், கண்ண மூடிக்க மாட்டா. கட்டட ஆய்வாளர் வருவான்."

"வந்தா?"

"மூணு மாசமாச்சும் ஆகும் அவன் வர. அவனுக எல்லாத்துக்கும் மூணு மாசம் எடுத்துக்குவானுக."

"அப்புறம்?"

ஆர்டிஸ் என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். "நான் போடச் சொல்லல. சொல்லக் கூடாது. நீ என் வீட்டு ஆளுன்னு எழுதினாலும் பொய்யில்ல. தனி வீடுன்னு எழுதினாலும் பொய்யில்ல. ஒண்ணு குறையும்னு தெரிஞ்சு நாலு நாளா அதத்தான் யோசிச்சுப் பாக்கறேன். ரெண்டுமே பொய்யில்ல. அதான் கஷ்டம்."

கீழே பேஸ்மென்ட்டில் உலை பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இருவரும் அது அணைகிறதா என்று காத்திருந்தோம். அணையவில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். கீழே. கையெழுத்து. அது என் தெருவுக்காகச் செய்ததா, அவருக்காகச் செய்ததா, யாராவது ஒரு முறையாவது என்னைத் தனி வீடு என்று எண்ணட்டும் என்பதற்காகவா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் படிவத்தை வாங்கி, மை காயும்வரை ஊதினார்.

"நல்ல பிள்ள," என்றார். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவர் முதுகைக் காட்டியபடியே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நாள் வந்தான். மரியாதையான ஆள். மரப்படியைப் படமெடுத்தான், அடுப்பைப் படமெடுத்தான். என்னைப் படமெடுக்கலாமா என்று யோசித்தவன்போலக் கருவியைத் தூக்கி, பிறகு இறக்கினான். அறுபது நாளுக்குள் காலி செய்ய வேண்டும், அடுப்பைப் பிடுங்க வேண்டும். ஆர்டிஸ் அவனுடன் வாசலில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். "உன் அண்ணன நான்தான்டா பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனேன்," என்றுகூடச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காகிதத்தைக் கதவில் ஒட்டினான்.

ஜூலையில் நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடிக்கு மாறினேன். கெல்வின் தன் வண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் மைத்துனி முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரம் தனக்கும் இதே கட்டடத்தில் அறை பார்ப்பதாகச் சொன்னாள். மாநிலத்திலிருந்து பணம் ஆகஸ்டில் வந்தது. செப்டம்பரில் லார்ச் தெருவை நீளத்துக்கும் வெட்டிப் போட்டார்கள். ஆர்டிஸ் வாரம் ஒரு முறை கூப்பிட்டு எத்தனை அடிக் குழாய் இறங்கியது என்று சொல்வார். அக்டோபரில் பெரிய மழை. மறுநாள் காலை கூப்பிட்டார்.

"பேஸ்மென்ட்டுல கால வச்சேன், ராசா. சாக்ஸோட. ஈரமே இல்ல." பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

எனக்குக் கோபமா, சந்தோஷமா என்று அன்று முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை இரண்டு முறை தப்பாகக் கலந்தேன்.

டிசம்பரில் புது அறையின் எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்துப் பயந்து, வருமானம் குறைந்தவர்களுக்கான குளிர்கால உதவி கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அடையாள அட்டையில் இருந்த என் பழைய முகவரியைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்த முகவரிக்கு ஏற்கெனவே உதவி போயிருக்கே. ஆறு குளிர்காலமா. ஏ. பவெல்கா, தனி ஆள்னு இருக்கு. நீங்க அவங்க குடும்பமா?"

விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வரம்பு அச்சாகியிருந்தது. தனி ஆளுக்கு அது, நாங்கள் வீடு வீடாகக் காட்டிய, ஆர்டிஸ் தன்னை மேலே என்று குறித்த கோட்டைவிட ஒன்பதாயிரம் டாலர் குறைவு.