ஒரு ஏக்கருக்கு எத்தனை கிளட்ச்?

போன வாரம் கருங்குழி தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு டிராக்டர் ஷோரூமில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதற்கு டிராக்டர்? ஒரு வருஷம் சேர்ந்தாற்போல ஒரே ஊரில் இருந்தவனில்லை நான். வாங்க வந்தவர் நண்பர் ஏழுமலை. கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்று என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மனைவியும் மைத்துனரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.

ஏழுமலை படாளத்துக்காரர். இருபது வருஷம் லாரி ஓட்டினார். போன வருஷம் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்தார். இடது முட்டிக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். “இப்ப ஒண்ணும் இல்ல, நல்லா கீது” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். லாரிக்காரர்கள் நம்பவில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சின்ன டிராக்டர் வாங்கி வாடகைக்கு உழுதால்தான் இனிப் பிழைப்பு. இதுவும் சரிப்படாவிட்டால் அவரிடம் வேறு யோசனை இல்லை.

ஷோரூம் பையன் மூன்று வண்டி காட்டினான். முதலாவது சாதாரண கியர் வண்டி. இரண்டாவது ‘ஷட்டில்’ — ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு லீவர், முன்னால் தள்ளினால் முன்னால், பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். கியரைத் தேட வேண்டாம். மூன்றாவது ‘ஹைட்ரோ’. இடது காலால் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலையே இல்லை. வலது காலால் பெடலை அழுத்தினால் போகும், எடுத்தால் நிற்கும். ஸ்கூட்டி மாதிரி. விலைதான் கூட.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போடும் வரை, வாங்குகிறவர் வண்டியில் உட்கார மாட்டார். கைராசிக்காரர் ஒருவர் ஏறி ஓட்டிப் பார்ப்பார். அதாவது... நாள் முழுக்க ஓட்டப் போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் ஓட்டிப் பார்ப்பார்கள்!

ஏழுமலைக்குக் கைராசிக்காரர் மனைவியின் தம்பி சேகர். ஷோரூம் சிமென்ட் தரையில் ஷட்டில் வண்டியை ஒரு ரவுண்டு விட்டுவிட்டு வந்தார்.

“மாமா, வெண்ண மாறி போவுது! கண்ண மூடிகினு எடுத்துடு.”

“அந்த ஹைட்ரோ?” என்று கேட்டேன்.

“அத்த இன்னாத்துக்கு அண்ணாத்த? சேத்துல எறக்குனா திணறும். ரிப்பேர்னா இங்க எவனுக்கும் கை வைக்கத் தெரியாது. பேஜாரு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஏழுமலையும் தலையாட்டிவிட்டார்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவர் ஏழுமலையின் மனைவி கஸ்தூரி. நூறு நாள் வேலையில் ஆட்களை எண்ணி எழுதுகிறவர். எழுந்து ஷோரூம் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்த வண்டியில ஒரு ஏக்கர் ஓட்ட எத்தினி தபா கிளட்ச் மிதிக்கணும்?”

பையன் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தான். குதிரைத் திறன் இருந்தது, டீசல் டேங்க் அளவு இருந்தது. இது இல்லை. ஷட்டில் என்றாலும், லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதித்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டான்.

“இன்னாம்மே, இத்தப் போயி கேட்டுகினு” என்றார் ஏழுமலை.

“கேட்டா இன்னாய்யா? எண்ணிட்டு வந்து வாங்குவோம்.”

நானும் ஒரு காலத்தில் ஆந்திராப் பக்கம் செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். வயிறு காய்ந்த நாளிலும் கிளட்ச் மிதித்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

மறுநாள் காலை படாளத்தில், சேகரின் கூட்டாளி வயல். அவருடைய கியர் வண்டி. அடுத்தவர் வண்டி என்பதால் பூஜைப் பிரச்சினை இல்லை, ஏழுமலையே ஏறினார். ஒரு ஏக்கர், நான்கு துண்டாக. ஒவ்வொரு வரப்பு வரும்போதும் கிளட்ச், ரிவர்ஸ், மறுபடி கிளட்ச். கஸ்தூரி வெயிலில் நின்று எண்ணினார். ஒவ்வொரு பத்துக்கும் வரப்பில் ஒரு கல் வைத்தார்.

முதல் துண்டில் ஏழுமலை எங்களைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் இடது தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு மிதித்தார். போதும் என்று சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

நூற்று அறுபத்திரண்டு.

வண்டியை அணைத்தார். ஆனால் இறங்கவில்லை. மேலே உட்கார்ந்தபடியே சேகரிடம் மழை எப்போது வரும் என்று விசாரித்தார். பம்புசெட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டார். கால் மணி நேரம் போனது. டீ வந்தது.

“எறங்கி வா மாமா, டீ ஆறுது” என்றார் சேகர்.

“நீ குடிடா. நான் இங்க காத்து வாங்கிகினு கீறேன்.”

வயலில் ஒரு இலைகூட அசையவில்லை. கஸ்தூரி டம்ளரை எடுத்துப்போய் மேலேயே கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் சேகருக்குப் புரிந்தது. எழுந்துபோய் மாமனுக்குத் தோள் கொடுத்தார்.

சாயங்காலம் மறுபடி ஷோரூம். ஏழுமலை நேராகப் போய், “தம்பி, அந்த ஹைட்ரோவ போடு” என்றார்.

“சார், நேத்து ஷட்டில்னு சொன்னீங்களே... எதுனா பிரச்சினையா?”

ஏழுமலை எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “எனுக்கு முட்டி பூட்ச்சி தம்பி. இடது காலு ஒரு ஏக்கர் தாங்காது.”

விழுந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இதை யாரும் கேட்டதில்லை. பையன் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஹைட்ரோ தோப்பு வேலைக்குத்தான் தோது, சேற்று உழவுக்கு நம்ப வேண்டாம் என்று நேர்மையாகவே சொன்னான்.

“நடவு சீசனு பூடுமே மாமா” என்றார் சேகர்.

“போவட்டும். சவுக்குத் தோப்பு கீது. மாமல்லபுரத்துல ரிசார்ட்டு தோட்டம் கீது. கெடச்சத ஓட்டுவேன்.”

வருமானம் குறையும். கஸ்தூரிக்கும் அது தெரியும். ஆனாலும் புக்கிங் படிவத்தை அவர்தான் முதலில் வாங்கி, பேனாவைக் கணவர் கையில் கொடுத்தார்.

வண்டியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். ஓட்டுகிறவரைப் பற்றி ஒன்று கேட்கத்தான் கூச்சம்... சொல்லவும் கூச்சம்.

ஒரு ஆம்பிளை “வலிக்குது” என்று சொல்வதற்கு, நம் ஊரில் ஒரு ஏக்கர் உழ வேண்டியிருக்கிறது!