உரக்கடை மாடியில் படித்த போர்ச்சுகீஸ்

நான் அறுவடை மெஷின் புரோக்கர். வெளியூரிலிருந்து வரும் மெஷின்களுக்கு நீடாமங்கலம் பக்கம் வயல் பிடித்துக் கொடுப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. அதற்குப் பிறகு வாய்தான் சோறு போட்டது. அந்த வாயை நம்பித்தான் போர்ச்சுகல் போகலாமென்று மன்னார்குடி ஏஜெண்டிடம் சேர்ந்தேன். தங்கச்சி வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ஏஜெண்டு ஆபீஸ் ஒரு உரக்கடை மாடியில். அங்கேயே போர்ச்சுகீஸ் கிளாஸ்; எடுப்பவரும் ஏஜெண்டுதான். தக்காளி பறிக்கப் போகிற எங்களுக்குத் தக்காளிக்கு அங்கே என்ன பேர் என்று யாரும் சொல்லவில்லை. பாடம் ஒரே ஒரு தாள்தான். நமக்கு நல்லபடியாக வேலை செய்து கொடுத்த ஆளை அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வது எப்படி என்று அதில் இருந்தது. நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். ‘ரெக்கொமெந்தோ’ என்றால் சிபாரிசு செய்கிறேன். ‘பொதெ கொன்ஃபியார்’ என்றால் நம்பலாம்.

“எதுக்கு சார் இதையே படிக்கிறோம்?”

“நல்ல வார்த்த பேசினாத்தாங்க அந்த ஊர்ல மதிப்பாங்க.”

கிளாஸில் நான்தான் முதல். பிறந்ததிலிருந்து எதிலும் முதலாக வராதவனுக்குத் தலை கிறுகிறுத்தது. மாப்பிள்ளைக்கு நாக்கு புரளவில்லை.

“வெத்தலய மென்னுகிட்டே பேசற மாதிரி இருக்கு மச்சான்.”

“ஒனக்குத் தமிழே தடுமாறும். என்னையப் பாரு, கொழா தண்ணி மாதிரி கொட்டுது.”

அவன் என்னைத்தான் பார்த்தான். பார்த்து, ரைஸ் மில் வேலையை விட்டான். பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்தான்.

சம்பா அறுப்பு வந்தது. ஒரு விவசாயியிடம் மெஷினைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். நேத்து யாரு வயல்ல அறுத்துச்சு?”

எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பதுதான். அந்த வயலில் இறங்கி, அறுத்த அடிக்கட்டைகளுக்கு நடுவே சிந்திய நெல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினை வரச் சொல்வார்கள். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போர்ச்சுகல் விஷயத்தில் நான் யார் வயலையும் பார்க்கவில்லை.

நேரே மன்னார்குடிக்குப் போனேன்.

“சார், நம்ம மூலமா போனவங்க ஒருத்தர்ட்ட பேசணும்.”

ஏஜெண்டு சிரித்துக்கொண்டே செல்போனை நீட்டினார். வீடியோவில் ஒருவர், போர்ச்சுகலில் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, எங்கள் தாளில் உள்ளதை அப்படியே ஒப்பித்தார். ரெக்கொமெந்தோ. பொதெ கொன்ஃபியார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் உரக்கடை காலண்டர். நான் நிமிர்ந்தேன். அதே காலண்டர், அதே ஆணியில், எனக்கு எதிரே தொங்கியது.

“நாளைக்கு ஒங்களையும் ஒங்க மாப்ளையையும் இதே மாதிரி வீடியோ எடுத்துடுவோம். நீங்கதான் பிரமாதமா பேசறீங்களே.”

அதைக் கேட்டு எனக்கு ஒரு நொடி பெருமையாகவும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாப்பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

“காலண்டரா! நல்லா கெளப்புறீங்க மச்சான்.”

“சத்தியமாடா.”

“போன மாசம் கலெக்டர் ஒங்க மெஷின்ல ஏறுனாருன்னும் சத்தியந்தானே பண்ணீங்க?”

பண்ணியிருந்தேன். சிரிக்காமல் எதையும் சொல்லிப் பழகாத எனக்கு, நிஜம் பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் நடிப்பென்று கைதட்டினான்.

தங்கச்சி சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, நெசமாவா?”

“நெசம்தாம்மா.”

“நாளைக்கு இவரோட நானும் வர்றேன். பாஸ்போர்ட்ட நான் கேக்கறேன்.”

மறுநாள் அவள் அந்த மாடியில் போய் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பாஸ்போர்ட் கிடைத்தது. மில்லில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறான். எதிரே பார்த்தால் “வாங்க மச்சான்” என்பான். நான் ஏதாவது தமாஷ் பேசினால், மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, முடிக்கும்வரை மரியாதையாக நிற்பான்.