நான்காம் வரிசைப் பெஞ்சு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் வந்த தொழில் வியாதி என்று என் கணவர் கேலி செய்வார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கோபம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

புனே கன்டோன்மென்ட்டை ஒட்டி எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. ராணுவ அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேலை பார்க்க வந்த குடும்பங்கள் கட்டியது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மீதிப் பேருக்குத் தமிழ் எழுத்து கண்ணைக் கட்டுவதால் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு முப்பது தலை தெரிந்தால் ஐயருக்கு முகம் மலர்ந்துவிடும். எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம், இத்தனை வருஷம் மராத்திக்கு நடுவில் இருந்தும் மாறவில்லை.

போன வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் ஐயரைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும், தூத்துக்குடிக்காரர். வாரத்தில் ஆறு நாள் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங், ஏழாம் நாள் பிரசங்கம். விமான் நகர்ப் பக்கம் அவர்கள் கூடிக்கொண்டிருந்த ஹாலை உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொண்டார். போன இடத்தில் எல்லாம் பாட்டுச் சத்தத்துக்குப் பயந்து கையை விரித்துவிட்டார்கள். உங்கள் ஆராதனை முடிந்த பிறகு கோவிலை எங்களுக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

கமிட்டியில் ஒரே களேபரம். நம் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார் செயலாளர். ஐயர் சிரித்துக்கொண்டே, "இருக்கிறது முப்பது ஆடு. அதுல பாதிக்கு முட்டுவலி. யாரு பிடிச்சுட்டுப் போகப் போறா?" என்றார். கடைசியில் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது, அதற்குள் டீச்சர் கவனித்து ரிப்போர்ட் தருவது என்று முடிவானது. டீச்சர் என்றால் நான்தான். கோவில் சாவியும் என்னிடம்தான் இருந்தது. இவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்று அன்றைக்கே மனதுக்குள் ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டேன்.

பிரச்சினை பெஞ்சில் ஆரம்பித்தது. நாங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்கள், அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஜமக்காளத்தில் உட்காருகிறவர்கள். ஆகவே எங்கள் ஆராதனை முடிந்ததும் பதினெட்டுத் தேக்குப் பெஞ்சுகளையும் வராந்தாவுக்குக் கொண்டுபோவார்கள். அவர்கள் ஆராதனை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு பெஞ்சுக்கு இரண்டு ஆள், அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அந்தக் காலத்துத் தேக்கு என்பதால் ஒற்றை ஆளால் தூக்க முடியாது.

நான் ஒவ்வொரு பெஞ்சின் அடியிலும் நம்பர் எழுதி, தரையில் சாக்பீஸால் கோடும் போட்டு வைத்தேன். மழை ஈரத்தில் கோடு அழிந்தது. மறு வாரம் மறுபடி போட்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குற்றங்களைக் குறித்துக்கொண்டேன். பாட்டுப் புத்தகம் இரண்டு தலைகீழாக இருக்கிறது. டிரம்ஸ் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. செருப்புக் குவியல் வாசலை அடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் எல்லாரும் என்னை சிஸ்டர் என்றார்கள். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான் என்று ஒரு நாள் பாஸ்டரிடம் சொன்னேன். அவர் மட்டும் அன்றிலிருந்து டீச்சர் என்று மாறிக்கொண்டார்.

மாறாத ஒருவர் இருந்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. ஐம்பதை நெருங்கிய வயது, ஆறடி உயரம். சனிக்கிழமை இரவு டியூட்டி முடித்து யூனிஃபார்ம் சட்டையோடு நேரே கோவிலுக்கு வந்துவிடுவார். நான்காம் வரிசை இடது பக்கப் பெஞ்சு நானும் என் கணவரும் உட்கார்ந்த பெஞ்சு என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. அதன் ஒரு முனையை எப்போதும் அவர்தான் தூக்குவார். திரும்பப் போட்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு முறை துடைத்துவிடுவார். "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பார். நான் தலையை மட்டும் அசைப்பேன். அதற்குமேல் அவருக்கு நான் ஒன்றும் கொடுத்ததில்லை.

மூன்று மாதம் முடிவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு ஞாயிறு காலை வழக்கம்போல் ஏழு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். என் பெஞ்சு கோட்டிலிருந்து ஒரு சாண் விலகி இருந்தது. ஒரு சாண்தான். உட்கார்ந்தால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அன்று என் கணவரின் நினைவு நாள். அவர் உட்கார்ந்த இடத்தைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. யாராவது வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக இழுத்தேன். தரையில் பாவிய ஷஹாபாத் கற்களின் இடுக்கில் பெஞ்சின் கால் மாட்டியது. நான் விடவில்லை, இன்னும் பலமாக இழுத்தேன். கால் முறிந்து கையோடு வந்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முறிந்த காலை இருந்த இடத்தில் செருகி, பெஞ்சு நிற்பதுபோல் நிறுத்தினேன். ஆராதனைக்கு வந்த செயலாளர் அதில் உட்காரப் போனார்.

"உட்காராதீங்க, கால் போயிருக்கு" என்றேன்.

"யாரு வேலை இது?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வேற யாரு, அவங்கதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் பீரியட் முழுக்க நிற்க வைத்திருப்பேன்.

எங்கள் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வது உண்டு. ஜெபப்புத்தகத்தில் அச்சில் இருக்கும், முழங்காலில் நின்று ஒரே குரலில் வாசிப்போம். சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன். அதில் நாங்கள் என்றுதான் வரும், நான் என்று வராது. அது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓர் எழுத்துத் தடுக்காமல் வாசித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

ஒன்பதரை மணிக்கு வந்த பாஸ்டரிடம் செயலாளர் வராந்தாவில் வைத்தே விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிறு சாயந்திரம் கமிட்டி கூடும், டீச்சர் ரிப்போர்ட் கொடுப்பார், வேறு இடம் பார்த்து வைப்பது நல்லது என்றும் சொன்னார். பாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மன்னிச்சிருங்கய்யா. இந்த வாரத்துக்குள்ள நானே சரி பண்ணித் தாரேன்" என்றார்.

சொன்னபடி புதன்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து நேரே வந்தார். கம்பெனி பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் இரும்புப் பட்டையும் திருகாணிகளும் ஒரு டிரில்லும் இருந்தன. நான் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். சும்மா நின்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"யார் உடைச்சாங்கன்னு தெரிஞ்சுதா தம்பி?"

"எல்லார்ட்டயும் கேட்டுட்டேன் டீச்சர். யாரும் இல்லைங்காங்க. அந்த செக்யூரிட்டி அண்ணன் மட்டும், நாந்தான் வைக்கும்போது இடிச்சிருப்பேன் போலன்னு சொல்லுதாரு. ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு வாற மனுசன் பாத்தீங்களா, அவருக்கே சந்தேகம் வந்துட்டு. மூணு நாளா சரியாச் சாப்பிடலயாம்."

அவர் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. இரண்டாம் முறையும் பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்து என் கணவர் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆராதனை முடிந்து பெஞ்சுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டிக்காரர் உள்ளே வரவில்லை. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பெஞ்சை வேறு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நீங்க வரலையா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். நான் தொடல. மறுபடி ஏதாச்சும் ஆயிட்டா, பிள்ளைங்களுக்கு இந்த எடமும் இல்லாமப் போயிரும்" என்றார்.

அதற்குமேல் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர்கள் ஆராதனைக்குப் போய்ப் பின்னால் நின்றேன். யாரோ ஓடிப்போய் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். டிரம்ஸ் என் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் என்றார் பாஸ்டர். அவர்கள் வழக்கம் அது. தன் வாழ்க்கையில் நடந்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம், புத்தகம் கிடையாது. ஒரு பெண் காய்ச்சல் விட்டதைச் சொன்னாள். நிக்டியிலிருந்து வந்த ஒருவர் வேலை நிரந்தரமானதைச் சொன்னார். இதையெல்லாம் நாலு பேருக்கு நடுவில் சொல்வார்களா என்று அதுவரை நான் நக்கல் அடித்திருக்கிறேன்.

நான் எழுந்தேன். முப்பது வருஷம் வகுப்பு முன்னால் நின்றவள், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்ல. போன வாரம் அந்த நாலாவது பெஞ்சை உடைச்சது நான்தான். காலையில தனியா வந்து, கோபத்துல இழுத்து உடைச்சேன். உங்க மேல பழி வந்தப்போ பேசாம இருந்தேன். இந்த அண்ணன் தன் மேலயே போட்டுக்கிட்டார்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன். அவ்வளவுதான்."

கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது. செக்யூரிட்டிக்காரர் முன் வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்போ நான் இல்லையா சிஸ்டர்?" என்றார்.

"நீங்க இல்ல. நீங்க அதை ஒரு நாளும் இடிச்சதே இல்ல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாரோ மெல்ல ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு கூட்டம் முழுக்கச் சொன்னது. ஒரு கிழவி பெஞ்சை உடைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன கூட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் பாஸ்டர் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"சாயந்திரம் கமிட்டியிலயும் சொல்லுவீங்களா டீச்சர்?"

சொன்னேன். அங்கே சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. என்னை நாற்பது வருஷமாகத் தெரிந்தவர்கள், ஒருவர்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை. செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இதை மினிட்ஸில் எழுத வேண்டுமா டீச்சர் என்று ஐயர் மெதுவாகக் கேட்டார். எழுதுங்கள் என்றேன். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பாட்டுப் புத்தகம் தலைகீழ் என்பதிலிருந்து செருப்புக் குவியல் வரை எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே சிரிப்பு வந்தது. அவர்கள் இருக்கட்டும் என்பதுதான் என் ரிப்போர்ட் என்றேன். செயலாளர்தான் முதலில் கையைத் தூக்கினார். அதற்காக அவரை நான் நிறைய விஷயங்களில் மன்னித்துவிட்டேன்.

அதனால் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று பூசி மெழுக மாட்டேன். குழந்தையாக இருந்தபோது எனக்குத் தலையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை என்று பாஸ்டர் இன்னும் நம்புகிறார். கடவுளுக்குக் காது நன்றாகக் கேட்கும், இவ்வளவு கத்த வேண்டாம் என்று நானும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்ந்த பழம் நறுக்க அவர் மனைவி என் வீட்டுக்கு வருகிறாள். அப்போதும் இதே சண்டைதான்.

கமிட்டி முடிந்த மறு ஞாயிறு, எங்கள் ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் நின்றேன். செக்யூரிட்டிக்காரர் உள்ளே வந்து என் பெஞ்சின் ஒரு முனையில் நின்றுகொண்டார். மறுமுனைக்கு ஆள் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா சிஸ்டர்?"

கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன். பழக்கதோஷம், என் பக்கமாக ஓர் இழு இழுத்துவிட்டேன். கல் இடுக்கில் கால் மாட்டப் பார்த்தது.

"இழுக்கக் கூடாது சிஸ்டர்" என்றார் அவர். "தூக்கணும்."

தூக்கினேன்.