ரெண்டு தட்டு

பொந்து விழுந்த மரத்த மில்லுல அறுக்க மாட்டாங்க. பூதலூர் மரவாடில எனக்கும் எங்க அண்ணனுக்கும் அதான் வேல, எது பொந்துன்னு கண்டுபிடிக்கிறது. அடிப்பக்கம் நான் கொட்டாப்புளியால ஒரு தட்டு தட்டுவேன். அண்ணன் நுனிப்பக்கம் காத வச்சுக் கேக்கும். உள்ள கெட்டியா இருந்தா திருப்பி ஒரு தட்டு. பொந்தா இருந்தா ரெண்டு. மில்லு சத்தத்துல பேசுனா கேக்காது, அதனால நாங்களா வச்சிக்கிட்டது. அந்தக் கணக்கு வேற யாருக்கும் தெரியாது.

எங்க தெருவுல பாதிப்பேரு அரபு நாட்டுக்குக் கெளம்புனப்ப அண்ணனும் போச்சு. ரெண்டு வருசத்துல பொட்டில வந்துச்சு. கூட வந்த ஏஜெண்டு ஆளு, "தொறக்காதீங்க, ரொம்ப நாளாச்சு, பாக்குற மாதிரி இருக்காது"ன்னாரு. தொறக்கல. மத்தியான வெயில்ல பொட்டி வாசல்ல கெடந்துச்சு. தலமாட்டுல உக்காந்திருந்தேன். பழக்கத்துல கை தானா போயி ஒரு தட்டு தட்டிருச்சு.

உள்ளேருந்து ரெண்டு வந்துச்சு.

"என்னடா பண்ற, பைத்தியமா ஒனக்கு?"ன்னு மாமா கையப் புடிச்சு இழுத்தாரு. புதுப் பலகை வெயில் பட்டா வெடிக்கும். மரத்துலயே கெடக்குற எனக்கா தெரியாது? ஆனா பொட்டியத் தூக்குனவங்க ஒருத்தரும் கனமா இருக்குன்னு சொல்லல. குழில எறக்கி மண்ணத் தள்ளிட்டோம்.

அதுக்கப்பறம் வாடில கழிச்சுப் போடுற பொந்து மரத்தயெல்லாம் வாய்க்கா கரைக்குக் கொண்டாந்தேன். உள்ள மக்கிப்போனத மட்டும் செதுக்கி எடுப்பேன். வெளில கை வைக்கிறதில்ல. ரெண்டு பக்கமும் தொறந்திருக்கணும், ஒரு ஆளு நொழஞ்சு வெளிய வர்ற மாதிரி. அது மட்டுந்தான் அளவு. மூணு நால ஒண்ணுமேல ஒண்ணு சாச்சு நிறுத்துவேன். எந்தப் பக்கம் காத்து பூந்தா சத்தம் வருதோ அந்தப் பக்கம் வாயத் திருப்பி வைப்பேன். மீதிய மழையும் வெயிலும் பாத்துக்கும்.

நடவுக்குப் போற அக்கா ஒண்ணு, "என்ன தம்பி, ஆனைக்குச் செருப்பா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாக்கா, அளவு குடுத்துட்டுப் போயிருக்கு."

கார்ல வந்த ஒரு மெட்ராஸ்காரரு, இது சிற்பம்ப்பான்னு சொல்லிட்டு, என்ன நெனச்சு செஞ்சன்னு கேட்டாரு. நான் மக்குனதச் செதுக்கிக்கிட்டு இருந்தேன்.

போன சித்திரைல அம்மா கஞ்சி கொண்டாந்துச்சு. புதுசா வந்த புளியமரம் ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு. ஒரு தட்டு தட்டுனேன். அந்தப் பக்கம் ஆளே இல்ல. அம்மா ரெண்டு கையாலயும் தூக்குவாளியப் புடிச்சிக்கிட்டு என் பக்கத்துல நிக்கிது.

ரெண்டு தட்டு வந்துச்சு.

"வெயிலுக்கு வெடிக்குதும்மா"ன்னேன்.

அம்மா மரத்தயே பாத்துச்சு. "அன்னைக்கும் ரெண்டுதான். நான் கால்மாட்டுல இருந்தேன், கேட்டேன். நீயும் அவனும் வாடில தட்டிக்குவீங்கள்ல. ரெண்டுன்னா என்னடா?"

பொந்துன்னு சொன்னா அம்மா போயி குழியத் தோண்டிரும். இல்லன்னா அண்ணன் வரும்னு சாவுற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்துரும்.

"கெட்டின்னு அர்த்தம்மா. உள்ள நெறஞ்சிருக்குன்னு."

அம்மா மூச்ச விட்டுச்சு. உக்காந்து கஞ்சிய ஊத்துச்சு. நான் குடிச்சிக்கிட்டு இருக்கப்ப மரம் மறுபடியும் தட்டுச்சு, ரெண்டு.

"நெறஞ்சிருக்கு"ன்னு அம்மா தலைய ஆட்டுச்சு.