காலி வண்டியின் சுமை

பிறர் வண்டியில் ஏறும்போது எலோடியா ஆர்ஸே பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். வெறும் பாதங்களைத் தகரத் தரையில் பதித்து, எஞ்சினைச் சோதிக்கும் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி, "ம், ஓட்டுங்க" என்பாள். ஸ்கேனர் எண்ணைக் காட்டும். அதை நம்பலாமா என்று கால் சொல்லும் என்பது அவள் கட்சி. வயது நாற்பத்தொன்று. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கெட்ட வார்த்தை பேசும்போது மூட மாட்டாள். பேரீச்சங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் யோசிக்கிறாள் என்று பொருள். அப்போது யார் கேட்டாலும் பதில் வராது.

இயந்திரவியல் படித்து முடித்து, வேலைக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நான் பகல் நேரங்களில் அவள் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். செப்டம்பர் புயல் ஓடைப் பாதையைப் பெயர்த்துப் போட்ட பிறகு அங்கே நல்ல கூட்டம். பாறையில் அடிவயிறு தட்டுகிறது, வண்டியை நாலு விரல் தூக்கிக் கொடு என்று ஆளாளுக்கு வந்தார்கள். அவளும் பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்கிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை இல்தெஃபோன்சோ வந்தார். மலைமேல் ஆறு பண்ணைகளுக்குப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோகிறவர். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. அவர் மகளுக்கு எலோடியா ஞானத்தாய்; அந்த உறவில் அவள் அவருக்குக் கொமாத்ரே, அவர் அவளுக்குக் கொம்பாத்ரே.

"கொமாத்ரே, எஞ்சின் போச்சாம். ஹைவே பட்டறைல சொல்லிட்டான். சமதரைல, காலி வண்டில, எஞ்சின் மேல சுமை, அதான் லோடு, நூத்துக்கு எழுபத்தெட்டு காட்டுது. அம்பதத் தாண்டக் கூடாதாம்."

பின்னாலேயே பழைய இரும்பு வாங்கும் வென்செஸ்லாவ் இழுவை வண்டியோடு வந்து நின்றார். வண்டியைப் பழைய இரும்புக்கு விலை பேசி முடித்துவிட்டார்களாம். மேலே அந்தப் பண்ணைகளுக்கு வேறு வண்டி கிடையாது.

"செத்தவனுக்கு எதுக்குடி நாடி பாக்குற?" என்றார் வென்செஸ்லாவ்.

"வாய மூடிட்டு நில்லு, கழுகு."

பூட்ஸ் கழன்றது. ஊர் எல்லை வரை போய்த் திரும்பினார்கள். எழுபத்தெட்டுதான். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது அளவு சரியாக இருந்தது. கன்னத்தில் கொட்டை ஒதுங்கியது. கால் மணி நேரம் கழித்துக் கேட்டாள்:

"தண்ணியோட போறப்ப சமதரைல எவ்வளவு?"

"அதான் கூத்து. அம்பதுதான். ஸ்கேனருக்குப் பைத்தியம்."

"பிரேக் கருகற வாசம் வரலயா, கொம்பாத்ரே?"

"மலை எறங்கினா எந்த வண்டிலதான் வரல? உங்க வண்டிலயும்தான் வருது!"

எலோடியா சாலையைக் கடந்தாள். உலர்ந்த மாட்டிறைச்சி வைத்துத் தரும் மச்சாக்கா ரொட்டிக் கடை வாசலில் தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கை தட்டினாள். "எல்லாரும் தட்டோட வண்டில ஏறுங்க. வென்செஸ்லாவ், நீயும் ஏறு. நீ ஒருத்தனே ரெண்டு பீப்பாய்."

ஒன்பது பேர் ஏறினார்கள். ஒருவர் சட்டையில் சட்னி கொட்டியது. வண்டி அதே எல்லை வரை போய்த் திரும்பியபோது ஸ்கேனரில் ஐம்பத்தொன்று. நான் இரண்டு முறை பார்த்தேன். என் நான்கு வருடப் படிப்பில் எடை கூடினால் சுமை குறையும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். "எறங்குங்க." இறங்கினார்கள். "ஏறுங்க." ஏறினார்கள். "எறங்குங்க."

"கவாத்தா பழக்குற?" என்று கேட்டார் வென்செஸ்லாவ்.

குனிந்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக் கேபிளில் ஒரு விரலை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆட்கள் இருக்கும்போது தொய்ந்த கேபிள், அவர்கள் இறங்கி வண்டி உயர்ந்ததும் விறைத்துப் பின்சக்கர பிரேக்கை இழுத்துப் பிடித்தது. அந்தப் பிடியை மீறித்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புயலுக்குப் பிறகு அவள் நாலு விரல் தூக்கிக் கொடுத்த வண்டிக்குப் பழைய கேபிள் குட்டை. நானாக இருந்தால் கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று சொல்லியிருப்பேன். அது பொய் என்று எட்டிப் பார்க்க அங்கே எங்களைத் தவிர யாருமில்லை.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல, கொம்பாத்ரே." குரல் தரையோடு வந்தது. "வண்டியத் தூக்கினேன். கேபிள நீட்டணும்னு தோணல. தப்பு என்னோடது."

கடைவாசலில் யாரோ விசில் அடித்தார்கள். "ஊரே கேக்குது, மேஸ்திரி!" என்று கத்தினார் வென்செஸ்லாவ். இல்தெஃபோன்சோ சக்கரத்தின் மேல் கையை வைத்து, சூடு தாங்காமல் உடனே எடுத்து உதறினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அப்ப வண்டிய விக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம். இன்னும் பத்து வண்டி தூக்கியிருக்கேன். ரெண்டு பேரு இன்னைக்கு காலி வண்டியோட மலை எறங்குறாங்க, கருகின பிரேக் எறக்கத்துல பிடிக்காது. அவங்கள நிறுத்தணும்."

வண்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று வெளியே நீண்டு, விரல்களை மடக்கி மடக்கி, என் ஃபோனைக் கேட்டது.