தேசிய மைதானமும் சாமைக் களமும்

ஜமுனாமரத்தூர் டீக்கடையில், போளூரிலிருந்து வந்திருக்கும் கால்பந்து ரசிகர்கள் டிரான்சிஸ்டர் செய்தி கேட்டுக் கொதிக்கிறார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு தன் தேசிய மைதானத்தை விற்கப் போகிறதாம்.

"மைதானம் இன்னா புளி மூட்டையா, விக்கிறதுக்கு?" என்று என்னிடம் நியாயம் கேட்கிறார் அவர்களில் ஒருவரான புளி மண்டிக்காரர் சம்பத்து.

அவர்கள் பந்தாடுவதற்காக எதிரே கதிரடிக்கும் களத்தில் சாமைத் தாளை ஒதுக்குகிறார் மலைக்காரர் காளி. இவ்வளவு தூரம் ஏன் ஆட வருகிறார்கள் என்று அவரிடம் கேட்கிறேன்.

"அவங்க ஊரு மைதானத்த இந்த மண்டிக்காரரு வாங்கி குடோன் கட்டிட்டாருங்க," என்கிறார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "களம் சாமிங்க. பூட்ஸ கழட்டிட்டு ஏறுங்க."

சம்பத்து பூட்ஸைக் கழற்றுகிறார். களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நாலு மூலையையும் நோட்டம் விட்டபின் காளியிடம் தணிந்த குரலில் கேட்கிறார்: "இது யாரு பேர்ல கீது?"